சம்பளம் 21,000ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. என்ன ஆகும்? காக்களூர் தொழிலாளியின் மருத்துவச் செலவுக் கணக்கு

சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வந்தால் யாரும் சந்தோஷப்படத்தான் செய்வார்கள். ஆனால் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் மாதம் இருபதாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் தொழிலாளி அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி வேறு: “இ.எஸ்.ஐ. கட் ஆயிடுமா?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில், அதாவது இ.எஸ்.ஐ.யில், ஒருவர் இருக்க மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் இந்த வரம்பு 25,000 ரூபாய். ஒரு ரூபாய் கூடினாலும் வெளியேதான். அதனால், “21,000க்குள்ளேயே நிறுத்தி வையுங்க, மிச்சத்தை வேற வகையில குடுங்க” என்று நிர்வாகத்திடம் கேட்கும் தொழிலாளர்களும் உண்டு. கூலி உயர்வுக்காகப் போராடுவதுதானே வழக்கம், இங்கே ஆள் கூலி உயர்வைத் தள்ளிப் போடச் சொல்கிறார். ஏன் இப்படி? இ.எஸ்.ஐ. தருவதையும், அதை விட்டு வெளியே வந்தால் தனியார் காப்பீடு தருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் விடை கிடைக்கும்.

ஒரே ஷெட், மூன்று காப்பீடு

பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். 12,000 ரூபாய் வாங்கும் ஹெல்பரும், 20,800 ரூபாய் வாங்கும் மெஷின் ஆபரேட்டரும் இ.எஸ்.ஐ.யில் இருப்பார்கள். 28,000 வாங்கும் சூப்பர்வைசருக்கு அது கிடையாது. நிறுவனம் குரூப் பாலிசி எடுத்திருந்தால் அது உண்டு, இல்லையென்றால் அவரே சொந்தமாகத் தனியார் பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டும். வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் ஆண்டு வருமானச் சான்று காட்டி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கியிருக்கலாம்.

மூன்று பேருக்கும் ஒரே நாளில் நெஞ்சு வலி வந்தாலும் மூன்று வெவ்வேறு வாசல்களில் போய் நிற்பார்கள். மூன்று வெவ்வேறு பில் வரும். யாருக்கு எவ்வளவு கைக்காசு போகும் என்பதைத் தீர்மானிப்பது நோய் அல்ல, சம்பளச் சீட்டு.

மாதம் 156 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

முதலில் அந்த 20,800 ரூபாய் ஆபரேட்டரைப் பார்ப்போம். இ.எஸ்.ஐ. சந்தா தொழிலாளிக்கு 0.75 சதவீதம், முதலாளிக்கு 3.25 சதவீதம். அவர் பிடித்தம் 156 ரூபாய். நிறுவனம் போடுவது 676 ரூபாய். இரண்டும் சேர்த்து மாதம் 832 ரூபாய், ஆண்டுக்கு 9,984 ரூபாய்.

இதற்குக் கிடைப்பது அவருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமல்ல, சொந்த வருமானம் பெரிதாக இல்லாத பெற்றோருக்கும் சேர்த்து மருத்துவம். வேலைக்குச் சேரும்போது சர்க்கரை இருக்கிறதா, ரத்தக் கொதிப்பு இருக்கிறதா என்று கேட்டுச் சந்தாவைக் கூட்டுவது கிடையாது. வயதானவர், இளைஞர் எல்லாருக்கும் ஒரே விகிதம். காய்ச்சலுக்கு டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குவதும் இதில்தான், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்வதும் இதில்தான். ஒரு நபருக்கு இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பு இல்லை. இருதய அறுவைச் சிகிச்சை போன்ற உயர் சிகிச்சைகளுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் வேலையில் இருந்து சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

ஆனால் இ.எஸ்.ஐ.யை மருத்துவக் காப்பீடாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மீதிப் பாதி, பணம். நோயில் படுத்தால் சம்பளம் நின்றுவிடும் என்பதுதான் தினக்கூலிக்காரரின் பெரிய பயம். அரையாண்டில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றோடு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதத்தை இ.எஸ்.ஐ. தரும். 20,800 ரூபாய் ஆபரேட்டர் மூன்று மாதம் படுத்தால் சுமார் 43,000 ரூபாய் வீட்டுக்கு வரும். காசநோய், புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. பெண் தொழிலாளிக்குப் பேறுகாலத்தில் 26 வாரம் முழுச் சம்பளம்.

வேலையிடத்தில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு. சேர்ந்து ஒரு நாள்தான் ஆகிறது, சந்தா போய்ச் சேரவில்லை என்று சொல்ல முடியாது. தற்காலிக ஊனத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், இறந்துபோனால் குடும்பத்தைச் சார்ந்தோருக்கு மாதந்தோறும் உதவித்தொகை. 2024 மே மாதக் கடைசியில் காக்களூர் சிட்கோ வளாகத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலை தீப்பிடித்து உயிர்கள் போனதை இந்தப் பகுதி மறந்திருக்காது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளும் உருட்டாலைகளும் நிறைய. ஒடிசா, பிகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் அந்த அனலில் நிற்கிறார்கள். இவர்களுக்கு இது ஏட்டுச் சலுகை அல்ல. ஆஸ்பத்திரி பில்லை மட்டும் கட்டும் தனியார் மருத்துவ பாலிசி எதுவும் இந்த மாதாந்திரப் பணத்தைத் தராது. அதற்குத் தனியாக விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும்.

இன்னொன்று: ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் இ.எஸ்.ஐ. இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. ஒப்பந்ததாரர் சந்தா கட்டாவிட்டால் முதன்மை முதலாளிதான் கட்ட வேண்டும். பிறகு ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு.

அலைச்சலுக்கு யார் பில் கொடுப்பது?

இவ்வளவு இருந்தும் இ.எஸ்.ஐ. என்றதும் பலர் முகம் சுளிப்பது ஏன்? காரணம் காக்களூரிலிருந்து வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் சென்னையில் அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் இருக்கின்றன. திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறி, இறங்கி, பஸ் மாறி, டோக்கன் வாங்கி, டாக்டரைப் பார்த்து, மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று வீடு திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். அன்றைய கூலி போச்சு. 20,800 ரூபாயை 26 நாளால் வகுத்தால் ஒரு நாள் 800 ரூபாய். ஐந்து மாதச் சந்தா ஒரே நாளில் அலைச்சலாகக் கரைகிறது.

அதனால் என்ன நடக்கிறது? சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் இ.எஸ்.ஐ. அட்டை பெட்டியில் இருக்கும், ஆள் பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டிருப்பார். சந்தாவும் கட்டி, கைக்காசும் கட்டுகிறார். இ.எஸ்.ஐ.யின் உண்மையான விலை 156 ரூபாய் அல்ல. அதோடு தூரம், காத்திருப்பு, மருந்து கையிருப்பில் இல்லாத நாள், மேல் சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்க ஆகும் நாள் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே நிர்வாகக் குழப்பமும் ஒரு பங்கு வகிக்கிறது. சந்தா வசூலிப்பது மத்திய அரசின் இ.எஸ்.ஐ. கழகம். தமிழ்நாட்டில் டிஸ்பென்சரிகளையும் பல ஆஸ்பத்திரிகளையும் நடத்துவது மாநில அரசின் தனி இயக்குநரகம். வரம்புக்கு உட்பட்ட மருத்துவச் செலவில் எட்டில் ஏழு பங்கு கழகத்துடையது, ஒரு பங்கு மாநிலத்துடையது. டாக்டர் பணியிடம் காலியாக இருந்தால் தொழிலாளி யாரைக் கேட்பது என்பது தெளிவாக இல்லை. இரண்டு வீட்டு விருந்தாளி பட்டினி என்ற கதைதான்.

பலருக்குத் தெரியாத ஒரு வழி உண்டு. பத்து கிலோமீட்டருக்குள் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி எதுவும் இல்லாத பகுதியில் இருப்பவர், பரிந்துரைக் கடிதம் இல்லாமலே இ.எஸ்.ஐ.யுடன் ஒப்பந்தம் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் போகலாம். உள்நோயாளியாகச் சேர வேண்டியிருந்தால் அனுமதி கேட்பது அந்த ஆஸ்பத்திரியின் வேலை. கும்மிடிப்பூண்டியின் உள்கிராமங்களில் தங்கியிருப்பவர்கள் தங்கள் இடம் இந்தக் கணக்கில் வருகிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அவசரத்தில் கேட்க நேரம் இருக்காது.

700 ரூபாய் உயர்வு, யாருக்கு லாபம்?

இப்போது அந்த ஆபரேட்டருக்கு 700 ரூபாய் உயர்வு வருகிறது. சம்பளம் 21,500. இ.எஸ்.ஐ. நிற்கிறது.

அவர் பக்கக் கணக்கு: 700 ரூபாய் உயர்வு, பிடித்தம் நின்றதால் மிச்சம் 156 ரூபாய், ஆக மாதம் 856. ஆண்டுக்கு 10,272 ரூபாய் கூடுதலாகக் கைக்கு வரும்.

நிறுவனத்தின் பக்கக் கணக்கு: மாதம் 700 ரூபாய் கூடுதல் செலவு, ஆனால் இ.எஸ்.ஐ. சந்தா 676 ரூபாய் மிச்சம். பி.எஃப். போன்றவற்றை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் இந்த உயர்வுக்கு நிறுவனம் தன் பையிலிருந்து போடுவது மாதம் 24 ரூபாய்.

உயர்வு என்ற பெயரில் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் அவருக்காக ஏற்கெனவே கட்டப்பட்டு வந்த மருத்துவப் பணம்தான். அது பாதுகாப்பாக இருந்தது, இப்போது ரொக்கமாக மாறியிருக்கிறது. இந்த ரொக்கத்தை வைத்து அதே பாதுகாப்பை வெளியே வாங்க முடியுமா?

தனியார் பாலிசியில் கணவன், மனைவி, ஒரு குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய்க் குடும்ப பாலிசியின் பிரீமியம் வயது, ஊர், நிறுவனத்தைப் பொறுத்து மாறும். கணக்குக்காக ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக வந்த 10,272 போதாது, இன்னும் 4,728 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும். அறுபதைத் தாண்டிய அம்மா, அப்பாவைச் சேர்த்தால் பிரீமியம் எங்கேயோ போய்விடும். புறநோயாளிச் செலவு, மாத்திரை, நோயில் படுத்த நாள் சம்பளம் இவை எதுவும் வழக்கமான பாலிசியில் வராது.

ஒரு ஆறுதல் உண்டு. தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. நிறுவனம் எடுக்கும் குரூப் பாலிசிக்கு அது தொடர்கிறது.

பிரீமியம் கட்டினால் மட்டும் போதுமா?

பாலிசி எடுத்த அன்றே எல்லாவற்றுக்கும் பணம் கிடைக்காது. விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம். 2024 ஏப்ரலுக்கு முன்பு இது நான்கு ஆண்டு வரை இருந்தது, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்தது. பத்து வருடம் இ.எஸ்.ஐ.யில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கியவர் வெளியே வந்து தனியார் பாலிசி எடுத்தால் புதிய ஆளாகத்தான் நிற்பார். ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் காத்திருந்த காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இ.எஸ்.ஐ.யிலிருந்து வருபவருக்கு அந்த மரியாதை இல்லை.

அடுத்து, அறை வாடகை. 3 லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் 6,000 ரூபாய் அறைதான் காலியாக இருக்கிறது என்றால், கூடுதல் 3,000ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை. அறையோடு சேர்ந்து வரும் டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில், இங்கே பாதியாக, வெட்டலாம். மருந்து, ஸ்டென்ட் போன்ற பொருட்கள், பரிசோதனைக் கட்டணம், ஐ.சி.யு. ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்று விதி இருக்கிறது. டிஸ்சார்ஜ் கவுன்டரில் நின்று இதை யார் வாதாடுவது? கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்ற 2024ஆம் ஆண்டு உத்தரவும் இருக்கிறது. புகார் தீரவில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் மனுக் கொடுக்கலாம்.

கட்டுகிற பிரீமியம் எங்கே போகிறது என்ற கேள்வியும் முக்கியம். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தில் 30 சதவீதம் வரையும், மருத்துவக் காப்பீடு மட்டும் செய்யும் நிறுவனங்கள் 35 சதவீதம் வரையும் ஏஜென்ட் கமிஷன், விளம்பரம், அலுவலகம் என்று நிர்வாகச் செலவு செய்ய ஆணையம் அனுமதிக்கிறது. 2023-24இல் மருத்துவக் காப்பீடு மட்டும் செய்யும் நிறுவனங்கள் 100 ரூபாய் பிரீமியத்துக்குச் சுமார் 65 ரூபாய் அளவில்தான் க்ளெய்ம் கொடுத்தன. பொதுத்துறை நிறுவனங்களில் அது 100ஐத் தாண்டியது. பெரிய குரூப் பாலிசிகள் அவர்களிடம் அதிகம் என்பதும் அதற்கு ஒரு காரணம். தனியாகக் கடையில் போய் வாங்குபவருக்கும் மொத்தமாக வாங்குபவருக்கும் விலை ஒன்றாக இருக்காது, காப்பீட்டிலும் அப்படித்தான்.

தனியார் பாலிசிக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்று நிச்சயம் இருக்கிறது. நெஞ்சு வலி என்றால் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நேரே போய்ப் படுக்கலாம். பரிந்துரைக் கடிதம் வேண்டாம். அந்த அரை மணி நேரத்துக்கு விலை உண்டு. காக்களூர்க்காரர் அதற்காகவே பிரீமியம் கட்டத் தயாராக இருந்தால் அதில் தவறு சொல்ல முடியாது.

காப்பீடே இல்லாமல் தனியாரில் படுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்குப்படி, ஒருமுறை உள்நோயாளியாகச் சேர்ந்தால் ஆன சராசரி மருத்துவச் செலவு அரசு ஆஸ்பத்திரியில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்குக்கு மேல். இன்று இரண்டுமே கூடியிருக்கும்.

முதலமைச்சர் காப்பீடு இவர்களுக்கு இல்லையா?

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது இது. இப்போது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. 2022இல் புதுப்பித்தபோது அது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய். கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மொத்தமாக வாங்கினால் விலை எப்படி இறங்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கு மட்டும், அதுவும் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும் என்பதும் அந்தக் குறைந்த விலைக்குக் காரணம்.

ஆனால் வருமான வரம்பு ஆண்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். மாதம் பத்தாயிரம். நம் ஷெட்டில் குறைந்த சம்பளம் வாங்கும் 12,000 ரூபாய் ஹெல்பருக்கே ஆண்டு வருமானம் 1.44 லட்சம். அவரே வரம்புக்கு வெளியே. அப்படியிருக்க 21,500 வாங்குபவர் எங்கே போவார்? ஏழைக்கான திட்டத்துக்கு அவர் பணக்காரர், தொழிலாளிக்கான திட்டத்துக்கும் பணக்காரர், தனியார் பாலிசிக்கு மட்டும் ஏழை.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கியிருந்தால் தொழிலாளர் துறைச் சான்றோடு இந்தத் திட்டத்தில் சேர வழி இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் இ.எஸ்.ஐ. பதிவில்லாத சிறிய பட்டறைகளில் இருப்பவர்களுக்கு இது உதவும்.

எந்த அட்டையும் இல்லாதவருக்குக் கடைசிப் புகலிடம் அரசு ஆஸ்பத்திரிதான். திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு காக்களூர்க்காரர்களுக்கு அது சில கிலோமீட்டரில் கிடைத்திருக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. நேர்மையாகச் சொன்னால், 21,000ஐத் தாண்டிய பலரும் பாலிசி எடுக்காமல் இருப்பதற்கு இந்தப் புகலிடம் இருக்கிறது என்ற தைரியமும் ஒரு காரணம்.

400 ரூபாயில் தொடங்கிய கோடு

பேராசிரியர் பி.பி. அடர்கர் 1944இல் கொடுத்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1948இல் இ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது, 1955இல் கோவைக்கு வந்தது. அன்று சம்பள வரம்பு 400 ரூபாய். பிறகு சம்பளம் கூடக் கூட வரம்பும் நகர்ந்தது. 2004இல் 7,500, 2006இல் 10,000, 2010இல் 15,000, 2017 ஜனவரியில் 21,000. பதின்மூன்று ஆண்டுகளில் மூன்று முறை உயர்ந்த வரம்பு, அதன் பிறகு அசையவே இல்லை. வரம்பு நின்றாலும் சம்பளம் நிற்காதல்லவா? ஆண்டுதோறும் வரும் சாதாரண உயர்விலேயே தொழிலாளர்கள் ஒவ்வொருவராக வெளியே விழுகிறார்கள். அவர்கள் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததால் அல்ல, விலைவாசி உயர்ந்ததால். வரம்பை 30,000 ஆக்க வேண்டும் என்பது தொழிற்சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை.

வரம்பு நகராத இந்தக் காலத்தில் சந்தா மட்டும் நகர்ந்தது, கீழ்நோக்கி. 2019 ஜூலை முதல் மொத்தச் சந்தா 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. தொழிலாளி பங்கு 1.75லிருந்து 0.75, முதலாளி பங்கு 4.75லிருந்து 3.25. சந்தா குறைந்தால் அதிக நிறுவனங்கள் பதிவு செய்யும் என்று அரசு சொன்னது. 20,000 ரூபாய்த் தொழிலாளிக்கு அதனால் மாதம் 200 ரூபாய் கிடைத்தது, நிறுவனத்துக்கு 300 ரூபாய். அந்த 500 ரூபாயை அவரிடமே விட்டுவைத்து, அதற்குப் பதில் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு முழு அளவு ஆஸ்பத்திரி வேண்டுமா என்று கேட்டிருந்தால் அயனாவரத்துக்கு ரயில் ஏறுபவர் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்?

சம்பள வரம்பு என்பது இந்தியாவில் மட்டும் இல்லை. தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டை 1883இல் பிஸ்மார்க் காலத்திலேயே தொடங்கிய ஜெர்மனியிலும் உண்டு. ஆனால் அங்கே வரம்பைத் தாண்டுபவருக்குக் கிடைப்பது ஒரு தேர்வு: தனியார் காப்பீட்டுக்குப் போகலாம், அல்லது விருப்பச் சந்தாதாரராகப் பொதுக் காப்பீட்டிலேயே தொடரலாம். தாய்லாந்தின் சமூகப் பாதுகாப்பு நிதியில் நீண்ட காலம் 15,000 பாட் என்பது சந்தாவைக் கணக்கிடும் உச்சம் மட்டுமே. அதற்கு மேல் சம்பாதிப்பவரும் உள்ளேதான் இருந்தார், அந்த உச்சத்துக்கான சந்தாவை மட்டும் கட்டினார். கோட்டைத் தாண்டியதும் கதவைச் சாத்துவது தவிர வேறு வழியில்லை என்பதல்ல. இத்தனைக்கும் இ.எஸ்.ஐ.யிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. தகுதியுள்ள ஓய்வுபெற்ற தொழிலாளி ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி மனைவியோடு மருத்துவ வசதியைத் தொடரலாம். ஓய்வுபெற்றவருக்கு முடியும் என்றால், முழுச் சந்தாவையும் கட்டத் தயாராக இருக்கும் 21,500 ரூபாய்க்காரருக்கு ஏன் முடியாது?

புதிய சட்டத்தில் ஒரு சந்து

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இ.எஸ்.ஐ. சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் ஒரு பகுதி. அதில் ‘சம்பளம்’ என்றால் என்ன என்பதற்கான வரையறை மாறியிருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சம்பளம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓ.டி. போன்றவை சம்பளத்தில் சேராது. ஆனால் அப்படி விலக்கப்படும் தொகை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் சம்பளத்தில் சேரும்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒருவர் மொத்தம் 26,000 வாங்குகிறார். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 15,000, மற்ற படிகள் 11,000. பழைய முறையில் வீட்டு வாடகைப்படியெல்லாம் சேர்ந்து அவர் வரம்புக்கு வெளியே. புதிய வரையறையில் 11,000 என்பது பாதியான 13,000க்குள் அடங்குவதால் அவர் ‘சம்பளம்’ 15,000தான். இந்தக் கணக்கு அப்படியே பின்பற்றப்பட்டால் வெளியே போனவர்களில் கணிசமானோர் வரம்பு உயராமலே திரும்ப உள்ளே வருவார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு: சந்தா 15,000க்குத்தான் என்பதால், நோயில் படுத்தால் கிடைக்கும் 70 சதவீதமும் அந்த 15,000க்குத்தான். எப்படியானாலும் சம்பளச் சீட்டில் அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு என்று பார்த்து, எச்.ஆர்.இடம் கேட்க வேண்டிய நேரம் இது.

தேதியைக் கவனியுங்கள்

வெளியே போவது உறுதி என்றாலும், எப்போது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. சந்தாக் காலத்தின் நடுவில் சம்பளம் 21,000ஐத் தாண்டினால் அந்தக் காலம் முடியும் வரை சந்தா தொடரும், பாதுகாப்பும் தொடரும். முதல் நாளிலேயே தாண்டியிருந்தால் அன்றே வெளியே.

ஏப்ரல் 1இல் உயர்வு வந்தால் கடைசிச் சந்தா மார்ச் மாதத்தோடு முடியும். அதற்கான பலன்காலம் அதே ஆண்டு டிசம்பர் 31 வரை. உயர்வு மே மாதத்திலிருந்து என்றால் சந்தா செப்டம்பர் 30 வரை போகும், பலன்காலம் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை. ஒரு மாதம் தள்ளி வந்த உயர்வு, குடும்பத்துக்கு ஆறு மாத மருத்துவத்தைக் கூட்டித் தருகிறது. ஏப்ரல் முதல் தேதியே உயர்வு கொடுக்கும் நிறுவனங்களில் தொழிலாளர்கள் நிர்வாகத்திடம் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

அந்தப் பலன்காலம் முடியும்வரை காத்திருந்து தனியார் பாலிசி எடுப்பதும் சரியல்ல. உயர்வுக் கடிதம் வந்த மாதமே சிறிய தொகைக்காவது பாலிசி எடுத்துவிட்டால், இ.எஸ்.ஐ. கையில் இருக்கும்போதே 30 நாள் காத்திருப்பு முடிந்துவிடும். சர்க்கரைக்கும் கொதிப்புக்குமான மூன்று ஆண்டுக் கணக்கும் அன்றிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். விண்ணப்பத்தில் அந்த நோய்களை மறைக்காமல் எழுத வேண்டும். ஐந்து ஆண்டு தொடர்ந்து பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி தவிர வேறு காரணம் சொல்லிப் பழைய தகவலைத் தோண்டி நிறுவனம் க்ளெய்மை மறுக்க முடியாது. அதற்கு முன் மறுக்க முடியும்.